ஐந்தாவது படம்

எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் பயப்படுகிற ஒரே ஆள் அம்மாதான். அவள் எழுதுகிற பரீட்சை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி மையத்தில் அண்ணனுக்கு வைக்கிற டெஸ்ட். பள்ளியில் நான் கணக்கில் கோட்டை விட்டபோதெல்லாம் "அடுத்த தடவை பாத்துக்கலாம் விடு" என்று சொன்னவள், அண்ணனுடைய டெஸ்ட் நெருங்கினால் மட்டும் சாப்பாட்டைக் கொறிக்க ஆரம்பித்துவிடுவாள். அது ஆராய்ச்சி, அதில் பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அண்ணன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அவன் பிறந்த அன்று ஒரு பெரிய டாக்டர் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இது நடக்கறதே கஷ்டம். பேச்செல்லாம் எதிர்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். 'இது' என்று சொன்னதை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. அண்ணன் நடந்தான். பேசினான். எனக்கு 'பாப்பா' என்று பெயர் வைத்ததே அவன்தான், தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் நான் அவனுக்குப் பாப்பாதான். வளர்ந்ததும் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேகரித்து அடுக்குகிற வேலையில் சேர்ந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் அவன் நடக்கிற தோரணையைப் பார்த்து அங்கே எல்லோரும் அவனை மேனேஜர் என்று கூப்பிட, அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்துவிட்டது. நிஜ மேனேஜருக்கு யாரும் வணக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. இவனுக்கு வைப்பார்கள்.

அவனுக்கு முப்பத்தைந்து வயதானபோது அந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது தாண்டினால் மறதி நோய் வருகிற அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம். அது எப்போது, எப்படித் தொடங்குகிறது என்று கவனிப்பதுதான் அவர்கள் வேலை. வருடம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள், தலையை ஸ்கேன் செய்வார்கள், பிறகு ஒரு நர்ஸ் எதிரே உட்கார்ந்து ஞாபகத்தைச் சோதிப்பாள். ஐந்து படங்களைக் காட்டி எடுத்துவிடுவாள். அந்த இடத்திலேயே ஒருமுறை சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது செய்த பிறகு இன்னொரு முறை சொல்ல வேண்டும். அந்த டெஸ்டுக்குத்தான் மார்க். முப்பத்தைந்து வருடங்களாக முடியாது, முடியாது என்றே கேட்டுப் பழகிய அம்மாவுக்கு, தன் பிள்ளைக்கு மார்க் போடுகிற ஓர் இடம் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை.

அங்கே என்னை அவள் கூட்டிப் போகவே மாட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் நம்பர் சொல்கிற வேலை எனக்கு. லீவு போட்டு வருகிறேன் என்றால், "நீ வந்தா அவன் உன்கூடச் சிரிச்சுக்கிட்டு இருப்பான்டி, கவனம் போயிடும்" என்று வெட்டிவிடுவாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அம்மா திடீரென்று, "மேனேஜர், அஞ்சு!" என்பாள். அண்ணன் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, "குடை, சாவி, கோழி, ஏணி, மேளம்" என்பான். அம்மா படபடவென்று கை தட்டுவாள். அவன் எழுந்து நின்று ஒரு வணக்கம் போடுவான். வருடக்கணக்காக நடக்கிற கூத்து. எதற்குக் குடை, எதற்குக் கோழி என்று நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் இதைவிட அர்த்தமில்லாத விளையாட்டுகள் எல்லாம் இருந்திருக்கின்றன.

மையத்தில் வருடம் ஒருமுறை எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துவார்கள். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி. போன வருடக் கூட்டத்தில் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா திரையில் கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு கோடும் ஓர் ஆள். பெயர் கிடையாது. சில கோடுகள் ஓரிடத்தில் வளைந்து கீழே இறங்கின. இறங்கிய கோட்டைப் பார்த்து யாரோ ஒரு அப்பா மூக்கை உறிஞ்சினார். ஒரே ஒரு கோடு மட்டும் உச்சியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இவரோட ஸ்கேன் பாத்தா ஞாபகம் குறைஞ்சிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா குறையல. ஏதோ ஒண்ணு இவரைக் காப்பாத்துது. அது என்னன்னு கண்டுபிடிச்சா எல்லாருக்குமே பிரயோஜனம்."

பெயர் சொல்லவில்லைதான். ஆனால் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் மற்ற அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள் என்று ஒரே விசாரிப்பு. அம்மாவும், "உன்னால முடியாதுன்னு மட்டும் ஒரு நாளும் சொல்லாதீங்க" என்று பேட்டி கொடுத்தாள். மூக்கை உறிஞ்சிய அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அந்தப் பக்கம் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

எனக்குத்தான் அந்த நேர்கோடு நெஞ்சில் முள்ளாய் நின்றது. ஏனென்றால் வீட்டில் அவன் நேராக இல்லை. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். குளியலறை வாசலில் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் விழித்தான். தள்ளுவண்டிகளை வரிசையாகச் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நடுவில் விட்டுவிட்டு வந்தான். கார்க்காரன் ஒருவன் கத்தித் தீர்க்க, சூப்பர் மார்க்கெட்டில் அவனை வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு என்பது அவர்களுடைய மரியாதை. அம்மாவிடம் எதைச் சொன்னாலும், "சோம்பல்டி, உங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்பாள். செத்துப்போன அப்பா தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றும் சொன்னார்கள். புதிதாக ஒரு மருந்து ஆய்வு தொடங்கப் போகிறது. மறதியை நிறுத்தாது, ஒருவேளை மெதுவாக்கலாம், அதுவும் நிச்சயம் இல்லை. மறதி ஆரம்பித்த நிலையில் இருப்பவர்களை மட்டும் சேர்ப்பார்கள். டெஸ்டில் மார்க் குறைய ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக விழுந்திருக்கக் கூடாது.

"அண்ணனை அதுல சேக்கணும்மா" என்றேன் பஸ்ஸில்.

"என் பிள்ளைக்கு எதுக்குடி மருந்து? ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நிக்குது கோடு, நீ பாக்கல?"

"கோட்டைப் பாத்தேன். ஆளையும் தினமும் பாக்கறேன்."

"உனக்கு வாய் மட்டும்தான் வளந்திருக்கு" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே வீடு இரண்டாகும்.

இந்த வருடம் டெஸ்டுக்குச் சில வாரம் முன்னால் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு கிடந்தவள், தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிப் போன் செய்து கெஞ்சினாள். மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கிற வேலை அந்த வாரத்தோடு முடிகிறது, தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அம்மா இல்லாமல் டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து, சட்டை, குளியலறை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். எப்படியாவது கையில் காலில் விழுந்து அவனை மருந்து ஆய்வில் சேர்த்துவிடலாம். அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

மையத்தில் அண்ணனுக்கு ராஜ மரியாதை. ரத்தம் எடுக்கிறவரிடம் கையை அவனே நீட்டினான். ஊசி என்றால் அவனுக்கு உயிர் போகும். ஆனால், "உன் ரத்தத்தால நிறைய பேருக்கு நல்லது நடக்கும்" என்று முதல் வருடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்வான். பிறகு நர்ஸ் வந்து, "வாங்க மேனேஜர் சார், நம்ம ரூமுக்குப் போலாம்" என்று அழைத்துப் போனாள். நடுவில் ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் நான். தடுப்பு பெயருக்குத்தான், பேசுவதெல்லாம் பளிச்சென்று கேட்டது. தடுப்புக்கும் சுவருக்கும் இடையில் அண்ணனின் பாதி முகமும் தெரிந்தது.

"இப்ப நான் அஞ்சு படம் வெக்கப் போறேன் சார். நல்லாப் பாருங்க" என்றாள் நர்ஸ். அட்டைகள் மேஜைமேல் உட்காருகிற சத்தம் ஒன்று, இரண்டு என்று கேட்டது.

அண்ணன் அட்டைகளைப் பார்க்கவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது தொடங்கலாம் என்று.

"குடை, சாவி, கோழி, ஏணி, மேளம்!"

என் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வருவார். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் விளக்கைப் போடுவதற்குள்ளேயே, பலகையின் கடைசி வரி எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். அவர் கண் பலகைமேல் இருக்காது, என்மேல் இருக்கும். அதற்காகவே நாங்கள் பின்பக்கம் இன்னொரு பலகை வைத்திருக்கிறோம். அதைத் திருப்பிய நொடியில் மனிதருக்கு முகம் வெளிறிவிடும். அந்த டிரைவரின் பார்வைதான் அண்ணனிடம் இருந்தது. சாப்பாட்டு மேஜை, அம்மாவின் "அஞ்சு!", அந்தக் கைதட்டல் எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது.

"சார், மேஜைல இருக்கற படத்தைப் பாருங்க. இத்தனை வருஷமா இருந்த படத்தையெல்லாம் இந்த வருஷம் புது ஆய்வுக்காக மாத்திட்டாங்க. இது என்ன?"

"படகு."

"சூப்பர். இது?"

ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தாள். படகு, கரண்டி, கடிகாரம், முயல், தொப்பி. பார்த்துச் சொல்வதில் அவனுக்குக் கஷ்டமே இல்லை. அட்டைகளை எடுத்துக் கவிழ்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க, என்னென்ன படம் பாத்தோம்?"

"குடை, சாவி, கோழி, ஏணி, மேளம்" என்றான். எழுந்து வணக்கம் போட்டான். கைதட்டல் வரும் என்று காத்திருந்துவிட்டு மெல்ல உட்கார்ந்தான்.

நர்ஸ் இன்னொரு முறை காட்டினாள். இன்னொரு முறை கேட்டாள். அவன் அதே ஐந்தை இன்னும் சத்தமாகச் சொன்னான், அவளுக்குத்தான் காது கேட்கவில்லை என்பதுபோல. மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. "தப்பா?" என்று கேட்டான். "தப்பே இல்ல சார்" என்று அவள் சொன்ன வேகத்திலேயே தப்பு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அந்தத் தடுப்பை உதைத்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தால் அந்த டெஸ்டும் செல்லாமல் போய்விடும் என்று பயம்.

டாக்டரம்மாவின் அறைக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அவர் போன வருட மார்க்கையும் இந்த வருட மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல யாராவது இந்தப் படங்களைச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அம்மா" என்றேன்.

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே இருக்கும். அவங்களுக்கு இது பரீட்சை டாக்டர். பிள்ளையைப் படிக்க வெக்காம யாராவது பரீட்சைக்கு அனுப்புவாங்களா?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி ஆறியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவரை நம்பித்தான் நான் ஒரு குழுவையே உக்கார வெச்சிருக்கேன்" என்றார். "ஏன் இவருக்கு மட்டும் வரலைன்னு தேடிக்கிட்டு இருக்கோம். அந்தக் கூட்டத்துல எத்தனை அம்மாக்கள் என் கையைப் பிடிச்சிட்டுப் போனாங்க தெரியுமா? அவங்ககிட்ட இப்ப என்னன்னு சொல்லுவேன்?"

நான் வந்த விஷயத்தை எடுத்தேன். மருந்து ஆய்வு. சட்டை, குளியலறை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இன்னும் இறங்கியது.

"நீங்க சொல்றதைப் பாத்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. போன வருஷம்கூடச் சரியான இடத்துல இருந்திருப்பார். போன வருஷ மார்க்ல அது தெரிஞ்சிருந்தா, முதல் ஆளா அவர் பேரைத்தான் குடுத்திருப்பேன். ஆனா போன வருஷம் முழு மார்க். இந்த வருஷம் ஒண்ணுமே இல்ல. இதுக்குக் கீழ இருக்கறவங்களைச் சேக்கக்கூடாதுன்னு ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டிட்டார்."

"இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க டாக்டர். இன்னைக்குப் பயந்துட்டான். அவ்வளவுதான்."

"நர்ஸ் மூணு தடவை வெச்சாங்க. இன்னொரு நாளும் கூப்பிடலாம், நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா உங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். அஞ்சுல ஒரு படம்கூட வரலையேம்மா."

ஒரு படம்கூட வரவில்லை. நான் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது, அன்றைக்கு வந்தது. இத்தனை வருடம் கையை நீட்டினானே, அதற்காகவாவது என்று கேட்டேன். அந்த ரத்தமும் ஸ்கேனும் பத்திரமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க உண்மையான மார்க் இல்லாமல் அவற்றுக்குப் பெரிதாக அர்த்தம் இல்லை என்று அவர் தணிந்த குரலில் சொன்னார்.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டே வந்தான். "பாப்பா, தப்பா?" என்று கேட்டான். இல்லை என்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டி மறுபடியும் கேட்டான். மறுபடியும் இல்லை என்றேன். சூப்பர் மார்க்கெட்டைக் கடக்கும்போது வாசலில் வேறு யாரோ தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்தான். அது தன் இடம் என்கிற சாயல்கூட அவன் முகத்தில் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். எழுந்து நடக்க முடியாதவள் எப்படித்தான் கட்டினாளோ.

"என்னடா ராஜா, அஞ்சும் சொன்னியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பையைக் கீழே போட்டேன். வழியெல்லாம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் அந்த நல்ல புடவையைப் பார்த்ததும் காற்றில் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நேராக நின்ற கோடு அவனுடையது இல்லை, உன்னுடையது என்றேன். அவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தது, அதை நீதான் கை தட்டித் தட்டிச் சாத்தினாய் என்றேன். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா என்று ஊர் கேட்கட்டும். எனக்கு அப்போது எரிந்துகொண்டிருந்தது.

அம்மா முட்டிக்கட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் காய்ந்துதான் இருந்தது.

"புதுப் படம் என்னென்ன வந்துச்சு?" என்றாள்.

"என்னம்மா?"

"தடுப்புக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்திருந்த? கேட்டிருக்குமே. சொல்லு. ஒரு வாரத்துல ஏத்திடறேன். இன்னொரு தடவை வெக்கச் சொல்லலாம்."

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன். "நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிட்டு இருக்கேன்? சுவத்துக்கிட்டயா பேசறேன்?"

"சொல்லுடி. அஞ்சே அஞ்சுதானே? அவனால முடியும். உனக்குத் தெரியாது, அவனால முடியும்."

"முடியாதும்மா! அவனால முடியாது!"

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை நான் சொன்னேன். அம்மா அடி வாங்கியதுபோல என்னைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் நின்ற அண்ணன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். யாராவது சத்தம் போட்டால் அவனுக்கு ஆகாது. அவனால் முடிந்த ஒன்றை அவன் செய்தான். அம்மாவை எப்போதும் சிரிக்க வைக்கிற அந்த ஒன்று. கையைக் காதிலிருந்து எடுத்து, நேராக நின்று, தொண்டையைச் செருமினான்.

"குடை" என்றான்.

அம்மாவின் முகம் திரும்பியது.

"சாவி. கோழி."

அம்மா கைகளைத் தூக்கிவிட்டாள். அவளை அறியாமலேயே தூக்கியிருப்பாள், அத்தனை வருடப் பழக்கம். எனக்கும் அந்த நேரத்தில் அவன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

"ஏணி" என்றான்.

பிறகு நின்றான். அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதடு எதையோ பிடிக்கப் போய் விட்டுவிட்டது. "ஏணி" என்று மறுபடியும் சொன்னான். அம்மாவின் உதடுகள் 'மே' என்று குவிந்தன, ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டே யோசித்தான். தட்டத் தயாராக இருந்த அவளுடைய கைகள் மடிக்கு மேலே அப்படியே நின்றன, கீழே இறக்க அவளுக்குத் தெரியவில்லை.